சோம்புத் தட்டுக்குப் பின்னால் காஞ்சிபுரம்

இரவு பத்தரை மணி. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சைவ ஓட்டல். ஷட்டர் பாதி இறங்கிவிட்டது, நாற்காலிகள் மேசைமேல் ஏறிவிட்டன. நான் எங்கே இருக்கிறேன் தெரியுமா? சமையலறைக்குள்ளே! தோசைக்கல் இன்னும் அனல் விட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், விரித்த செய்தித்தாள்மேல், ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்க்கிறார்கள். சலசலவென்று அருவி மாதிரி கொட்டுகிறது சில்லறை!

எத்தனை ஊரில் எத்தனை ஓட்டலில் சாப்பிட்டிருப்போம். சோம்புத் தட்டில் ஐந்தோ பத்தோ வைத்துவிட்டு எழுந்து வந்திருப்போம். அந்தக் காசு அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த ஊர்ச் சர்வர் ஒருவர் மனசு வைத்ததால் அன்றைக்கு அது நிறைவேறியது.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று விரல்கள் பறந்து பறந்து அடுக்கின. அன்றைய கணக்கு 630 ரூபாய். பங்கு ஒன்பது, ஆளுக்கு எழுபது. சர்வர்கள், மேசை துடைக்கும் பையன், பார்சல் கட்டுகிறவர் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு பங்கு மிஞ்சியது. யாருக்கு என்று கேட்டேன்.

“பாத்திரம் கழுவுற அக்காவுக்கு சார். அவங்க ஒன்பது மணிக்கே போயிட்டாங்க. நாளைக்குக் காலைல குடுப்போம். அவங்க தட்டு கழுவலேன்னா நான் தோசையை எதுல வைப்பேன்?”

எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. எந்தச் சட்டமும் சொல்லாமல், எந்த முதலாளியும் பிரிக்காமல், இவர்களே போட்டுக்கொண்ட நியாயம் இது.

மூத்த சர்வருக்கு ஒரு வருத்தம் உண்டு. “முன்னல்லாம் பில்லு எண்பத்தஞ்சுன்னா நூறு ரூபா நோட்டு வரும். மீதி பதினஞ்சு தட்டுல திரும்பும். பத்தை எடுத்துக்கிட்டு அஞ்சை விட்டுட்டுப் போவாங்க. இப்ப எண்பத்தஞ்சுன்னா எண்பத்தஞ்சுதான். போன்ல டிங்னு ஒரு சத்தம், முடிஞ்சுது.” யாரும் கஞ்சனாகிவிடவில்லை, மீதி என்ற ஒன்று இல்லாமல் போனதால் டிப்ஸும் போய்விட்டது. இந்த ஊரில் டின் நிரம்பி வழிந்த காலத்தைக் கேட்டால் எல்லாருடைய முகமும் மலர்கிறது. 2019-இல், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அத்திவரதர் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளியிருந்த நாட்கள்! “அப்ப டப்பா ரெண்டு வேளையும் ரொம்பும் சார்!” நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர் அவர். அடுத்த வருகை 2059-இல். அதுவரை இந்த ஊர் நம்மை நம்பித்தான் ஓட வேண்டும்.

இங்கே ஒரு சட்டம் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஓட்டலே தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். கொடுப்பது நம் மனசுக்கு உட்பட்டது. உலகம் முழுக்க இப்படி இல்லை. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது நகரவே இல்லை. மீதியை வாடிக்கையாளர்தான் தட்டில் வைக்க வேண்டும். மெக்சிகோவில் தொழிலாளர் சட்டமே டிப்ஸைச் சம்பளத்தின் ஒரு பகுதி என்கிறது. கான்குன் கடற்கரைக்கு விடுமுறை போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே அறை பெருக்குகிறவருக்கும் பெட்டி தூக்குகிறவருக்கும் எவ்வளவு வைக்கலாம் என்று விமானம் ஏறும் முன்பே விசாரித்துக்கொள்கிறார்கள். சந்தோஷம். காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறும்போதும் அதே அக்கறை வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மறுநாள் காலை ஆட்டோ. இதுதான் உச்சம், நிமிர்ந்து உட்காருங்கள்!

“நாலு கோயில் சுத்திக் காட்டறேன் சார். காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், கைலாசநாதர், வரதராஜப் பெருமாள். நின்னு, இருந்து, கூட்டிட்டு வந்து விடறேன். முன்னூறு ரூபா குடுங்க போதும்.”

அரை நாளுக்கு முன்னூறா? எப்படிக் கட்டுப்படியாகும்? கேட்டேவிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: “நடுவுல ரெண்டு பட்டுக் கடை பாப்பீங்க இல்ல.”

அதுதான் சூட்சுமம்! பின்பு நானே ஒரு கடை வாசலில் நின்று பார்த்தேன். வண்டி வந்து நிற்கிறது, குடும்பம் இறங்குகிறது. உள்ளே குளிர்ந்த காற்று, விரித்த வெள்ளை மெத்தை, “காப்பியா, ஜூஸா அம்மா?” என்ற உபசாரம். வெளியே வாசல் காவலாளி ஒரு சின்ன நோட்டை எடுக்கிறார், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார். உள்ளே பில் விழுந்ததும் அதில் ஒரு பங்கு அந்த எண்ணுக்குப் போகும். சதவீதம் கடைக்குக் கடை மாறும். எல்லாக் கடையும் இப்படி இல்லை. ஆனால் ஆட்டோக்காரரோ புரோக்கரோ கையைப் பிடித்து அழைத்துப் போகிற கடையில், நீங்கள் வாங்கும் புடவையின் விலைக்குள்ளே அவருடைய பங்கும் ஜரிகையோடு ஜரிகையாக நெய்யப்பட்டுவிடுகிறது. ஆட்டோவில் நீங்கள் பேரம் பேசிக் குறைத்த இருநூறு ரூபாயைப் புடவை பல மடங்காகத் திருப்பி வாங்கிவிடுகிறது!

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முன்னூறு ரூபாய்க்கு அரை நாள் ஓட்டச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? நான் சொன்னேன்: “அண்ணே, கடைக்கு நான் வரல. நாலு கோயிலுக்கும் நியாயமா என்ன ஆகும்னு சொல்லுங்க. மேல நூறு நான் போட்டுத் தர்றேன்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எழுநூறு என்றார். எண்ணூறு என்று முடிந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு மனிதர். ஒரே பயணத்தில் ஊரையே பிரித்துக் காட்டிவிட்டார்! கைலாசநாதர் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, யாராவது சீட்டு என்று நீட்டினால் வாங்காதீங்க என்றார். தட்டுக்காசைப் பற்றி அவர் சொன்னதும் பிடித்துப்போனது. பெரிய கோயிலில் தட்டுகள் தானே நிரம்பும். பக்கத்துச் சந்தில் விளக்கு ஒன்று மட்டும் எரியும் கோயிலில் வைங்க என்றார். ஒருகால பூஜை மட்டும் நடக்கும் கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021-இல் அரசு அறிவித்ததை நினைத்துப் பாருங்கள், அவர் சொன்னதன் எடை புரியும். தட்சிணைக்கும் டிப்ஸுக்கும் பெயர்தான் வேறு; வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது இரண்டிலும் ஒன்றே.

நான்காவது கோயில் முடிந்ததும் அவராகவே வண்டியைத் திருப்பினார். “வாங்க, ஒண்ணு காட்டறேன். இதுக்குக் காசு வேணாம்.” பிள்ளையார்பாளையம்! சந்துக்குள் நுழைந்ததுமே காதில் விழுந்துவிட்டது, டக் டக்கென்று தறிச் சத்தம். அவருடைய உறவினர் வீடு. நடுக்கூடத்தில் குழித்தறி. குழிக்குள் கால் தொங்கவிட்டு நெசவாளர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. இங்கேதான் நான் மூச்சு விட மறந்தேன்.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரால் ஆகாது. நெசவாளர் நடுவே நாடாவைத் தள்ள, ஒரு பக்கக் கரையின் நாடாவை மனைவி தள்ளுகிறார். தள்ளு, பிடி, மிதி, அடி! பேச்சே இல்லை. கர்நாடகத்திலிருந்து வந்த பட்டும் சூரத்திலிருந்து வந்த ஜரிகையும் இந்த இரண்டு பேர் கைகளில்தான் 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டாகின்றன. தாழம்பூ ரேக்கு, மயில்கண், ருத்ராட்சம் என்று கரையின் பெயர்களை அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் குழந்தை மாதிரி திருப்பிச் சொன்னேன்.

மனசு நிறைந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்தேன். ஆட்டோ அண்ணன் என் கையை மெல்ல அழுத்தினார். “இங்க வேணாம் சார்.”

வெளியே வந்து சொன்னார்: “நானும் பத்து வருஷம் தறியில உக்காந்தவன்தான். கூலி பத்தாம வெளிய வந்தேன். அங்க உக்காந்திருக்கறப்ப யாராவது இனாம் நீட்டினா, வேடிக்கை காட்டினதுக்குக் காசு மாதிரி இருக்கும். சங்கடமாயிடும். பழம் வாங்கிட்டு வந்து குழந்தை கையில குடுங்க. புடவை வேணும்னா கூட்டுறவுச் சங்கத்துல வாங்குங்க.” தெருமுனைக்கு ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தேன். இந்த ஊர்ப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனைக் கூடங்களில் விலை சீட்டில் இருக்கும், பேரம் கிடையாது. அங்கே வாங்கும் புடவை, தறி வைத்திருக்கும் உறுப்பினர்களின் சங்கத்திலிருந்து நேரே உங்கள் கைக்கு வருகிறது. சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கும் முறை உண்டு என்பது இந்த ஊருக்கு ரொம்பப் பழைய பாடம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனுக்கு அவனிடம் போக வழி சொல்கிறான். அங்கே போனால் கிழிந்த உடையைக் களைந்து ஆவி போன்ற மெல்லிய நூலாடை உடுத்திவிடுவார்கள், சோறு போடுவார்கள், பொன் தாமரை பிறகுதான் வரும். முதலில் மரியாதை, அப்புறம் பொன்! காஞ்சிக்கு எழுதப்பட்ட பழமையான வழிகாட்டி நூல் பரிசு பற்றியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே குதிக்கிறது.

வாடகைக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் பேட்டா வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரைக் காரிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் இட்லிக்குப் போகாதீர்கள். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிற கல்யாணக் கூட்டம் கடையில் நூறு புடவையைப் பிரிக்க வைக்கும். அத்தனையையும் திரும்ப மடிப்புக் கலையாமல் மடித்து வைக்கிற பையன் ஒருவன் பின்னால் நிற்பான். சந்தோஷப் பணம் நூற்றியொன்று கொடுப்பதானால் அவன் கையிலும் ஒரு பங்கு விழட்டும்.

கடைசியாக லாட்ஜ். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கிளம்பும்போது பெட்டி தூக்கி வருகிற ரூம் பாய்க்கு எல்லாரும் கொடுக்கிறோம். அவர் எதிரே நிற்கிறார். நாம் போன பிறகு குளியலறையைக் கழுவுகிற, விரிப்பு மாற்றுகிற அம்மாவை நாம் பார்ப்பதே இல்லை. நான் தங்கிய இடத்தில் அவரைத் தேடிப்போய்ப் பேசினேன். கட்டில்மேல் யாராவது காசு வைத்துப் போனால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். “தொடமாட்டேன்பா. மறந்து வச்சிட்டுப் போனதா இருந்தா? திருடின்னு பேர் வந்துடும். கவுண்டர்ல குடுத்துடுவேன்.”

தலையணைக்கு அடியில் நாம் அன்போடு வைக்கும் ஐம்பது ரூபாய் அவருக்குப் போய்ச் சேருவதே இல்லை! அவர் காலை எட்டு மணிக்கு வருகிறார், மதியம் இரண்டுக்குப் போய்விடுகிறார். அதனால் கிளம்பும் நாள்வரை காத்திருக்காதீர்கள். தங்குகிற ஒவ்வொரு நாளும் காலையில், வராந்தாவில் துடைப்பத்தோடு அவர் வரும்போது, “அக்கா, இது உங்களுக்கு” என்று சொல்லி அவர் கையிலேயே கொடுங்கள்.