உஷார்! ஒற்றை சதவிகிதத்தை நம்பி ஓய்வுக்காலப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

பணி ஓய்வு பெற்று, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரு கோடி ரூபாய் கைக்கு வந்திருக்கிறதா? லேப்டாப்பும் கையுமாக யாராவது வீடு தேடி வருவார்கள். "வருஷத்துக்குச் சராசரியா 15% கிடைக்கும் சார். வருஷம் 8 லட்சம் எடுத்துச் செலவு பண்ணுங்க. அப்பவும் பணம் வளர்ந்துக்கிட்டே இருக்கும்" என்று எக்ஸெல் கட்டங்களைத் திறந்து காட்டுவார்கள். கூட்டல், பெருக்கலில் ஒரு தப்பும் இருக்காது. அதனால்தான் எச்சரிக்கிறேன். கணக்கு சரியாக இருப்பதைப் பார்த்தே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சந்தை ஒருபோதும் ஆண்டுக்கு 15% என்று சீராக நடப்பதில்லை. 2008-ல் சென்செக்ஸ் சுமார் 52% சரிந்தது; 2009-ல் சுமார் 81% ஏறியது. இதையொட்டி, முதல் ஆண்டு 50% இறக்கம், அடுத்த ஆண்டு 80% ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சராசரி, ஆண்டுக்கு 15% லாபம். ஆனால் 1 கோடி முதலில் 50 லட்சமாகி, பிறகு 90 லட்சத்தில் வந்து நிற்கும். காகிதத்தில் 15% லாபம், கையில் 10% நஷ்டம்!

இனி, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 8 லட்சம் எடுப்பதையும் சேர்த்துப் பாருங்கள். எக்ஸெல் சொல்லும் சீரான 15% கணக்கில், இரண்டாண்டு முடிவில் சுமார் 1 கோடியே 12 லட்சம் இருக்க வேண்டும். இறக்கம் முதலில் வந்தால் இருப்பது 68.4 லட்சம். ஏற்றம் முதலில் வந்தால் 78.8 லட்சம். அதே இரண்டு ஆண்டுகள்தான். வரிசை மட்டும் மாறியதற்கு 10 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். விழுந்த சந்தையில் பணத்தை எடுத்துவிட்டால், சந்தை எழும்போது சேர்ந்து எழுவதற்கு அந்தப் பணம் அங்கே இருக்காது. ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் வரும் சரிவு அதனால்தான் இவ்வளவு கொடியது.

இதற்குத்தான் சிமுலேஷன்

நிச்சயமில்லாத ஒன்றுக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்லக் கூடாது. 1946-ல் உடல்நலம் குன்றி ஓய்வில் இருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்வாவ் உலாம், சாலிட்டேர் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று யோசித்தார். சூத்திரம் கண்டுபிடிப்பதைவிட, நூறு முறை ஆடிப் பார்த்து வென்றதை எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஜான் வான் நாய்மானுடன் சேர்ந்து அதை லாஸ் அலாமோஸ் அணு ஆய்வுக் கணக்குகளுக்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் 'மான்டி கார்லோ' முறை அப்படிப் பிறந்தது.

நம் ஒரு கோடிக்கும் அதே வழிதான். கையிலுள்ள தொகையும் எடுக்கும் தொகையும் நமக்குத் தெரியும். சந்தை வருமானமும் விலைவாசியும் தெரியாது. தெரியாத ஒவ்வொன்றுக்கும், எந்த அளவு எத்தனை தடவை வரக்கூடும் என்ற பரவலை வகுக்க வேண்டும். கணினி ஆண்டுக்கு ஒரு எண்ணை அதிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்து, 25 ஆண்டுகளை ஓட்டிப் பார்க்கும். இது ஒரு ஓட்டம். இப்படி 10,000 ஓட்டங்கள் ஓட்டி, எத்தனையில் பணம் பாதியிலேயே தீர்ந்தது என்று எண்ண வேண்டும். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய எண் அந்தத் தோல்விக் கணக்குதான்.

சிமுலேஷன் என்றாலும் உஷார்!

"நாங்க சிமுலேஷனே பண்ணிட்டோம் சார்" என்று சொன்னாலும் அசந்துவிடாதீர்கள். நான்கு இடங்களில் அது நம்மைக் கவிழ்க்கும்.

1. ஓட்டங்களின் எண்ணிக்கை. உண்மையான தோல்வி வாய்ப்பு 10% என்றால், 100 ஓட்டங்களில் அது 4% என்றும் தெரியலாம், 16% என்றும் தெரியலாம். 10,000 ஓட்டங்களில் இந்த ஆட்டம் 9.4% முதல் 10.6% வரை சுருங்கும். பிழை பத்தில் ஒரு பங்காகக் குறைய, ஓட்டங்கள் நூறு மடங்காக வேண்டும்.

2. பரவலின் வடிவம். கணக்குக்கு எளிது என்பதற்காக மணி வடிவ வளைகோட்டைப் போட்டுவிடுவார்கள். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6% விழுந்தது. அந்த வளைகோட்டின்படி இப்படியொரு நாள் வரவே கூடாது, வந்தது. பழைய தரவை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் முக்கியம். 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை ஜப்பானின் நிக்கேய் மீண்டும் எட்டியது 2024 பிப்ரவரியில்தான். நல்ல காலத்துத் தரவை மட்டும் ஊட்டினால், கணினி நல்ல காலத்தை மட்டுமே காட்டும்.

3. சேர்ந்து விழும் ஆபத்து. அமெரிக்காவில் வெவ்வேறு ஊர்களின் வீட்டுக்கடன்கள் பெருமளவில் ஒன்றாக வாராக்கடனாகாது என்ற அனுமானத்தில் கட்டப்பட்ட பத்திரங்கள் உச்சத் தரமதிப்பீடு பெற்றன. நாடு முழுக்க வீட்டு விலை விழுந்தபோது கடன்கள் சேர்ந்தே வீழ்ந்தன. 2008-ல் உலகமே ஆட்டம் கண்டது. உங்கள் ஐந்து ஃபண்டுகளும் ஒரே நாளில் விழுந்தால் என்னவாகும் என்று மாடல் பார்த்திருக்கிறதா?

4. எண் பிறக்கும் இடம். கணினி தரும் 'ராண்டம்' எண், சூத்திரத்தில் பிறப்பது. 1960-களில் ஐ.பி.எம். கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட ராண்டு என்ற நிரலின் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாணத்தில் குறித்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் அடங்கிவிடும். இன்றைய மென்பொருள்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் தொடக்க எண்ணை மாற்றி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். விடை பெரிதாக மாறினால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

- எத்தனை ஓட்டங்கள்? எத்தனையில் பணம் தீர்ந்தது, எந்த வயதில்?
- எந்த ஆண்டுகளின் தரவு? 2008 அதில் இருக்கிறதா?
- முதல் ஆண்டே பாதி சரிந்தால் என்னவாகும்? என் கண் முன்னால் போட்டுக் காட்ட முடியுமா?
- விலைவாசி ஏற ஏற நான் எடுக்கும் தொகையும் ஏறுமே, அதைச் சேர்த்திருக்கிறார்களா?

இத்தனையும் கேட்டு, "90% வெற்றி வாய்ப்பு" என்று பதில் வந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். கணினிக்கு 10,000 ஓட்டங்கள். உங்களுக்கு ஒன்றே ஒன்று. அது அந்த மீதி பத்து சதவிகிதத்தில் விழுந்தால் எழுபத்தைந்து வயதில் திரும்பச் சம்பாதிக்க முடியாது. எனவே சாப்பாடு, மருந்து, வாடகைக்கான பணத்தை முதலில் நிச்சய வருமானத்தில் ஒதுக்குங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். அதற்குப் பிறகு மிஞ்சுவதைப் பற்றி மட்டும் சந்தைக்காரரிடம் பேசுங்கள். மேலே உள்ள கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பேனாவைத் தொடாதீர்கள். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் போவது ஒரு மாத லாபம்தான். அவசரப்பட்டால் போவது முப்பது வருட உழைப்பு.