அரைப்பேருக்குள் அடங்காத களைப்பு

மலையும் உடலும் – 9

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்ததும் பெண்கள் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் பனிமூட்டத்தில் கிடக்கிறது. பாதிப் படியில் ஒருத்தி மட்டும் நின்றுவிடுகிறாள். பக்கத்துத் தேயிலை வாதைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்குகிறாள். "ஏலாம இருக்குக்கா. நீங்க போங்க, நான் மெதுவா வாறேன்." மாலை நிறுவையில் கொழுந்து குறைகிறது. வருகைப் பதிவான செக்ரோலில் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, விழுகிறது. குடியிருக்கும் லயத்திலோ 'சோம்பேறி' என்று முழுப்பேரே விழுந்துவிடுகிறது.

இப்படி நிற்கும் பெண்கள் பலருக்கு இரத்தசோகை இருக்கும். சிலருக்கு அடுப்புப்புகை தந்த இளைப்பு, சிலருக்குக் காசநோய். இவற்றையெல்லாம் நினைப்பவர்கள் கடைசியில்கூட நினைக்காத ஒன்று லூபஸ். நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவல்படை, சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய் இது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள், அதாவது கொழுந்தெடுக்கும் வயதில்தான் தொடங்குகிறது.

கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி போலச் சிவப்பு, மூட்டுவலி, முடி உதிர்தல், வாய்ப்புண் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். களைப்பு தெரியாது. ஆனால் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் சொல்லும் முறைப்பாடு அதுதான். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு.

மூச்சு ஏன் முட்டுகிறது? நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறை வீங்கினால், ஆழமாக மூச்சிழுக்கும்போது நெஞ்சில் ஊசி குத்தும். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவாள். அந்த உறைக்குள் நீர் கோக்கலாம். நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் ஏறலாம். அரிதாக, மூச்சுத்தசையான உதரவிதானம் பலமிழந்து நுரையீரலே சுருங்கிப்போகலாம். 'சுருங்கும் நுரையீரல்' என்று 1965இல் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இரத்தசோகையும் சேர்ந்தால் உள்ளே போன காற்றின் பயன் தசையை எட்டாது.

நுரையீரலில் பெரிய கோளாறு இல்லாதவர்களும் ஏற்றத்தில் திணறுவதுண்டு. நோயில் மாதக்கணக்காகப் படுத்த உடம்பில் தசை கரைகிறது. நெடுநாள் ஸ்டீரொய்ட் மாத்திரையும் அதைத் தளர்த்துகிறது. தசை தளர்ந்தால் சின்ன வேலைக்கும் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்தால் தசை இன்னும் தளரும். இந்தச் சுழலை உடைக்கத்தான் மருத்துவர்கள் உடற்பயிற்சி சொல்கிறார்கள்.

"நாளெல்லாம் மலையேறுறவளுக்கு என்னா பயிற்சி?" என்று கேட்பது நியாயமே. ஆனால் கொழுந்து எடுப்பது பயிற்சி ஆகாது. பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எப்போது ஓய்வது என்பதை அந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது, உடம்பு அல்ல. மேலே வெயில் வேறு. உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிரும் கூடும். மேகம் அதை முழுக்கத் தடுக்காது. அந்தக் கதிர் லூபஸைக் கிளறிவிடும். பயிற்சி என்பது அளந்து செய்வது, நிறுத்தும் உரிமையோடு செய்வது.

இலண்டனில் லூபஸ் நோயாளிகள் 93 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. சிறிது சிறிதாகக் கூட்டிய நடை போன்ற பயிற்சியைச் செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் ஆறில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். பயிற்சியால் நோய் கிளம்பவும் இல்லை.

நோய் அடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, வெயில் ஏறுமுன் லயத்து வாசலிலோ பெரட்டுக்களத்திலோ சமதரையில் ஐந்து நிமிடம் நடக்கலாம். நடக்கும்போதே பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். மறுநாளும் களைப்பு விடாவிட்டால் ஒரு படி இறங்க வேண்டும்.

திடீரென்று மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், நெஞ்சுவலி இவற்றில் எது வந்தாலும் நடையை விட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லூபஸ் உள்ள சிலருக்கு இரத்தம் எளிதில் கட்டிக்கொள்ளும். கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலும் நாள்பட்ட இருமலும் இருந்தால் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். லூபஸ் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் காசநோயும் கூடவே வரலாம்.

தோட்டத்து மருந்தகத்தில் "களைப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திருப்பிவிடக்கூடும். "போன வருஷம் நிக்காம ஏறின படியில இப்ப மூணு தரம் நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அது மருத்துவர் அளக்கக்கூடிய செய்தி. கூடவே மூட்டுவலியையும் வெயிலில் வரும் தடிப்பையும் சொன்னால், இரத்தமும் சிறுநீரும் சோதிக்க வழி பிறக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை.

படியில் நிற்பவளைப் பார்த்தால் அவள் கூடையை வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை தரம் நின்றாள் என்று எண்ணி, கிளினிக் நாளில் கூடப்போய் அந்தக் கணக்கையும் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: மலேரியா மாத்திரை லூபஸுக்கு மருந்தான கதை)