இலாச்சியில் கிடக்கும் வேப் பேனா இன்னும் பாவிக்கத் தக்கதா?

மருந்து மீளாய்வுக்கு வரும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்து வருமாறு நோயாளரையும் அவர்தம் குடும்பத்தினரையும் நாம் கேட்டுக்கொள்வது வழக்கம். இரத்த அழுத்த மாத்திரைகள், இன்சுலின், இருமற் பாணி, ஊரிலிருந்து வந்த எண்ணெய்ப் போத்தல் ஆகியவற்றுக்கு இடையே, அண்மைக் காலமாக, பேனாவைப் போன்ற மெல்லிய கருவி ஒன்றும் அப்பையிலிருந்து வெளிவருகின்றது. அதனை மேசைமீது வைப்பவர் சற்றுத் தயங்கியே வைக்கின்றார். பிறகு, தாழ்ந்த குரலில், "இது போன வருசம் வாங்கினது, இன்னும் பாவிக்கலாமோ?" என்று கேட்கின்றார்.

அந்தத் தயக்கத்தின் காரணம் எமக்கு விளங்குகின்றது. கஞ்சா என்ற சொல்லையே வீட்டில் உரத்துச் சொல்லாமல் வளர்ந்த தலைமுறையினர் பலர் இன்று எமது நோயாளராக உள்ளனர். ஆயினும் கனடாவில் மருத்துவத் தேவைக்கான கஞ்சா 2001 ஆம் ஆண்டு முதலும், வயது வந்தோருக்கான பொதுப் பாவனை 2018 ஒக்ரோபர் 17 முதலும் சட்டத்துக்கு உட்பட்டவை. கஞ்சா வேப் பொருட்களுக்கான ஒழுங்குவிதிகள் அதற்கு ஓராண்டின் பின்னர் நடைமுறைக்கு வந்தன. எனவே அதனை எம்மிடம் மறைக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது கண்டிப்பதற்காக அன்று. ஏனைய மருந்துகளுடன் சேர்த்துக் கணக்கில் எடுப்பதற்காகவே.

இனிக் கேள்விக்கு வருவோம். பொதியைத் திருப்பிப் பார்த்தால் அதில் பொதி செய்யப்பட்ட திகதி இருக்கும். காலாவதித் திகதி பெரும்பாலும் இராது. அதற்குப் பதிலாக, காலாவதித் திகதி தீர்மானிக்கப்படவில்லை என்ற பொருள்படும் வாசகம் ஒன்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிடப்பட்டிருக்கும். இதனைப் பலர் 'காலாவதி ஆகாது' என்று விளங்கிக்கொள்கின்றனர். அது தவறு. ஒரு பொருள் எவ்வளவு காலம் தன் வீரியத்தைக் காக்கும் என்பதைச் சோதனைத் தரவுகளால் நிறுவிய உற்பத்தியாளரே காலாவதித் திகதி இடலாம் என்பது கனடாவின் கஞ்சா ஒழுங்குவிதி. அத்தரவுகள் இல்லாதவர் மேற்சொன்ன வாசகத்தை இட வேண்டும். ஆகவே அவ்வாசகத்தின் பொருள் 'என்றும் கெடாது' என்பதன்று. 'எப்போது கெடும் என நிறுவப்படவில்லை' என்பதே.

பேனாவின் உள்ளே மூன்று பொருட்கள் உள்ளன: எண்ணெய், அதனைச் சூடாக்கும் உலோகச் சுருள், மின்கலம். இம்மூன்றும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. எண்ணெயைப் பற்றியே முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பால் திரிவதுபோலவோ சோறு புளிப்பதுபோலவோ இந்த எண்ணெய் கெடுவதில்லை. அதில் நீர்த்தன்மை மிகக் குறைவு என்பதால் பூஞ்சணம் வளர்வதும் அரிது. அதில் நிகழ்வது வேறொரு மாற்றம். கஞ்சாவின் மயக்கத்துக்கும், குமட்டல் தணிவதற்கும், ஓரளவு வலி குறைவதற்கும் காரணமான டி.எச்.சி. என்னும் பொருள், காற்றிலுள்ள ஒட்சிசனாலும் வெப்பத்தாலும் ஒளியாலும் சிறிது சிறிதாகச் சிதைந்து, கன்னாபினோல் என்னும் வேறு பொருளாக மாறுகின்றது. கன்னாபினோலின் வீரியம் டி.எச்.சி.யைவிட மிகக் குறைவு. அது தூக்கத்துக்கு நல்லது என்று விற்பனையாளர் கூறுவதுண்டு. அக்கூற்றுக்கான மருத்துவச் சான்று இன்னும் மெலிந்ததாகவே உள்ளது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1890களில் கேம்பிரிட்ஜ் இரசாயனவியலாளர் மூவர் இந்தியக் கஞ்சாப் பிசினை ஆராய்ந்து கன்னாபினோலைப் பிரித்தெடுத்தபோது, கஞ்சாவின் வீரியம் அதிலேயே உள்ளதெனக் கருதினர். உண்மையான வீரியப் பொருளான டி.எச்.சி.யை 1964 இல் இஸ்ரேலில் ரஃபாயேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் தூய நிலையில் பிரித்தெடுத்த பின்னரே நிலைமை தெளிவாயிற்று. அறிவியல் முதலில் கண்டெடுத்தது பெரும்பாலும் சிதைவின் விளைவைத்தான்.

சிதைவின் வேகம் எவ்வளவு? அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் உலர்ந்த கஞ்சாவை அறை வெப்பநிலையில் வைத்து ஆராய்ந்தபோது, முதலாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 17 சதவீத டி.எச்.சி. இழக்கப்பட்டிருந்தது, நான்காம் ஆண்டு முடிவில் அவ்விழப்பு ஏறத்தாழ 41 சதவீதம். இது உலர்ந்த இலை பற்றிய கணக்கு. பேனாவிலுள்ள எண்ணெய்க்கு இதே எண்கள் பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும் மாற்றத்தின் திசை ஒன்றே. 1976 இல் இலண்டனில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு, கேடு செய்வனவற்றுள் ஒளியே முதன்மையானது என்று கண்டது. இருளில், அறை வெப்பநிலையில் கவனமாக வைக்கப்பட்டால், கஞ்சாவும் அதன் சாறுகளும் ஓரிரு ஆண்டுகள் ஓரளவு நிலைத்திருக்கும் என்றும் அவ்வாய்வு கூறிற்று. யன்னல் ஓரத்தில் கண்ணாடிக் குப்பியுடன் வைக்கப்பட்ட பேனாவும், அலுமாரியின் இருட்டில் வைக்கப்பட்ட பேனாவும் ஒரே நாளில் வாங்கப்பட்டிருந்தாலும் ஓராண்டின் பின்னர் அவை ஒரே மருந்து அல்ல.

வீரியம் குறைவதால் என்ன தீங்கு, வேலை செய்யாது போகும், அவ்வளவுதானே என்று நீங்கள் எண்ணலாம். நாம் அஞ்சுவது அதற்குப் பின்னர் நிகழ்வதையே. ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்காக, வைத்தியரின் அறிவுரையுடன், ஒரு தாயார் இரவில் ஒரு முறை பேனாவை இழுக்கின்றார். மாதங்கள் செல்கின்றன. ஒரு முறை போதாமல் இரண்டாகின்றது; பின்னர் நான்காகின்றது. தமக்கு நோய் கூடிவிட்டது என்று அவர் எண்ணுகின்றார். மகளும் அவ்வாறே எண்ணுகின்றார். உண்மையில் மெலிந்தது மருந்து. பிறகு மகள் புதிய பேனா ஒன்றை வாங்கி வருகின்றார். தாயார் பழக்கப்படி நான்கு முறை இழுக்கின்றார். தலை சுற்றுகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, இரத்த அழுத்தம் தாழ்கின்றது. நள்ளிரவில் குளியலறைக்குச் செல்லும் வழியில் விழுகின்றார். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவதென்றால் அது எத்தகைய துன்பம் என்பதை இந்த மடலைப் படிக்கும் பலர் அறிவீர்கள்.

ஆகவே புதிய பேனாவைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், பழைய கணக்கை மறந்து, ஒரே ஓர் இழுப்புடன் தொடங்குங்கள். அமர்ந்த நிலையில் இழுக்க வேண்டும். அதன் விளைவு தெரியும்வரை குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருங்கள். இக்கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வதாயின் இதனைக் கொள்ளுங்கள்.

மணத்தையும் நிறத்தையும் பற்றிச் சிறிது. கஞ்சாவுக்கு மணம் தரும் தெர்ப்பீன்கள் எளிதில் ஆவியாகிப் போவன. காற்றுடன் கலந்து மாறுவன. எலுமிச்சை அல்லது பைன் மணம் வீசிய எண்ணெய் நாட்பட நாட்படக் கார நெடியாகவோ மணமற்றோ போய்விடும். சிலருக்கு அது தொண்டையைக் கரகரக்கச் செய்யும். எண்ணெயின் நிறம் தேன் நிறத்திலிருந்து கடும் பழுப்பாக மாறினால் அதுவும் முதுமையின் குறியே. ஆனால் சில எண்ணெய்கள் புதியனவாக இருக்கும்போதே கருமையானவை. எனவே வாங்கிய நாளில் இருந்த நிறத்துடன் ஒப்பிட்டால் மட்டுமே நிறம் எதையேனும் சொல்லும். எண்ணெய் கலங்கியிருந்தாலோ, இரு படைகளாகப் பிரிந்திருந்தாலோ, வாய்முனையில் கசிந்திருந்தாலோ, இழுக்கும்போது கருகிய சுவை வந்தாலோ ஒப்பீடு தேவையில்லை, அன்றே நிறுத்திவிடுங்கள்.

கருவியும் எண்ணெயைக் கெடுக்கக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குப்பியினுள் எண்ணெய் உலோகப் பாகங்களைத் தொட்டபடியே மாதக்கணக்கில் நிற்கின்றது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் மத்திய அரசின் ஹெல்த் கனடாவும் சேர்ந்து செய்த ஆய்வொன்றின் முடிவுகள் 2023 இல் முன்வைக்கப்பட்டன. சட்டத்துக்கு உட்பட்ட வேப் பொருட்களையும் உட்படாதவற்றையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, கருவி ஒரு முறையேனும் சூடாக்கப்படுவதற்கு முன்னரே எண்ணெயில் உலோகத் துணிக்கைகள் இருந்ததைக் கண்டது. ஆறு மாதங்கூட ஆகாத குப்பிகளும் அவற்றுள் அடங்கும். நுரையீரல் ஏற்கெனவே நலிந்தவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

மின்கலம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வீங்கிய, சூடேறும், ஈரம் பட்ட கருவியை மின்னேற்ற வேண்டாம். மின்கலம் நலிந்தால் சுருள் போதிய அளவு சூடாவதில்லை. அப்போதும் நோயாளர் மருந்து மெலிந்துவிட்டதாக எண்ணி அதிகம் இழுப்பார்.

எமது காலநிலையும் இதில் பங்கு கொள்கின்றது. தை மாதக் குளிரில் வாகனத்தில் விடப்பட்ட பேனாவின் எண்ணெய் பிசினாக இறுகிவிடும். அதனை இளக்குவதற்குத் தீமூட்டியையோ முடி உலர்த்தும் கருவியையோ பிடிப்பவர்கள் உள்ளனர். அது எண்ணெயையும் கெடுக்கும், மின்கலத்தையும் வெடிக்கச் செய்யலாம். வீட்டினுள் நிமிர்த்தி வைத்தால் அதுவாகவே இளகும். ஆடியில் அதே வாகனத்தினுள் ஏறும் வெப்பமோ எண்ணெயைக் கசியவும் சிதையவும் செய்யும். எக்காலத்திலும் வாகனம் மருந்து வைக்கும் இடமன்று.

பழைய பேனா என்றதும் சிலர் 2019 இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் நோயை நினைவுகூர்ந்து அஞ்சுகின்றனர். 2020 பெப்ரவரி நடுப்பகுதிவரை அங்கு 2,807 பேர் அந்நோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோ இறந்தோ இருந்தனர். உறுதிசெய்யப்பட்ட இறப்புகள் 68. ஆனால் அதன் காரணம் பழமை அன்று, கலப்படம். எண்ணெயைத் தடிப்பாகக் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட விற்றமின் ஈ அசிற்றேற்று, ஆராயப்பட்ட 51 நோயாளருள் 48 பேரின் நுரையீரல் திரவத்தில் காணப்பட்டது. கனடாவின் சட்டம் வேப் எண்ணெயில் விற்றமின்கள் சேர்ப்பதை அனுமதிப்பதில்லை. ஆகவே, நண்பரின் நண்பர் மலிவாகக் கொடுத்த பேனா நேற்றுத் தயாரிக்கப்பட்டதாயினும் அதனைப் பாவிக்க வேண்டாம். இதே காரணத்தால், நாவின் கீழ் விடுவதற்காகத் தரப்பட்ட கஞ்சாத் துளிமருந்தை வெறுமையான குப்பியில் ஊற்றி இழுக்கவும் வேண்டாம். அதில் கலந்துள்ள சமையல் எண்ணெய் வகைகள் வயிற்றுக்கு உரியவை. நுரையீரலுக்குள் சென்றால் கடும் அழற்சியை உண்டாக்க வல்லவை.

அப்படியானால் எவ்வளவு காலம்? எம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இது: பொதி செய்த திகதியிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால், அல்லது திறந்து ஆறு மாதங்கள் ஆகிவிட்டால், அப்பேனாவைக் கைவிடுங்கள். இது சட்டம் அன்று. இன்னுஞ் சில மாதங்கள் அது தீங்கின்றி இருக்கவும் கூடும். ஆயினும் நோயால் நலிந்த ஒருவருக்கு அளவு தெரியாத மருந்தைக் கொடுப்பதைவிடப் பணத்தை இழப்பது மேல் என்பதே எமது கருத்து. ஆஸ்துமா அல்லது நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், இரத்த வெண்கலங்கள் குறைந்துள்ளவர்கள் ஆகியோர் புதிய பேனாவையும் வைத்தியரிடம் கேளாமல் பாவிக்கலாகாது. இவர்களுக்கு வாய்வழி மருந்துகள் பெரும்பாலும் பொருத்தமானவை.

வேப் பாவித்தவருக்குப் புதிதாக இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல் ஆகியன தோன்றினால் தாமதியாது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்; மூச்செடுக்கச் சிரமப்பட்டால் 911 ஐ அழையுங்கள். பேனாவையும் அதன் பெட்டியையும் உடன் எடுத்து வாருங்கள். எதனை இழுத்தார் என்பதை மறைத்தால் வைத்தியர் நிமோனியாவைத் தேடிக் காலத்தை இழக்க நேரும்.

வீட்டில் வைப்பதற்கு வேண்டியது எளிமையே: இருள், அறைவெப்பம், நிமிர்ந்த நிலை, பூட்டு. குளிரூட்டியில் வைக்க வேண்டியதில்லை; பேரப்பிள்ளைகள் அதனைத் திறப்பார்கள். குழந்தை ஒன்று எண்ணெயை வாயில் வைத்துவிட்டால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் நஞ்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669 என்ற இலக்கத்தில் அழையுங்கள். பாவனைக்கு உதவாத பேனாவைக் குப்பையிலோ நீலப் பெட்டியிலோ போடலாகாது. உள்ளேயுள்ள லித்தியம் மின்கலம் நசுங்கித் தீப்பற்றும். நகரசபையின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் அதனை ஒப்படையுங்கள். ஊருக்குப் பயணம் செல்வோர், மருத்துவ அனுமதி இருந்தாலுங்கூட, கஞ்சாவைக் கனடாவின் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வது குற்றம் என்பதை அறிந்திருக்க வேண்டும். வைத்தியசாலை வளாகத்தினுள் வேப் பாவிக்கவும் ஒன்ராறியோச் சட்டம் தடை செய்கின்றது. விடுதியில் தங்கியிருக்கும் நாட்களில் அதற்கு மாற்றாக என்ன தரலாம் என்பதை முன்கூட்டியே எம்மிடம் கேளுங்கள்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் பேனாவின் பெட்டியைத் தேடி எடுங்கள். பொதி செய்த திகதியைப் பாருங்கள். திறந்த திகதி நினைவிருந்தால் அதனையும் பேனையால் பெட்டியில் எழுதி வையுங்கள். பெட்டி கிடைக்கவில்லையாயின், அடுத்த முறை வரும்போது மற்ற மருந்துகளுடன் பேனாவையும் அதே பையில் இட்டுக் கொண்டு வாருங்கள்.