ஐஸ் பெட்டிக்குள் யாருடைய ரத்தம்?

மஞ்சக்குட்டையில் ஆய்வு என்று சொல்லி ரத்தம் எடுத்துப் போனார்கள். பிறகு மலையாளிப் பாட்டி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அத எங்க தம்பி வெச்சிருப்பாங்க?"

நியாயமான கேள்வி. குழாயில் ரத்தம் உறைந்ததும் சுழற்றுகிறார்கள். செல்கள் அடியில் தங்க, மேலே மஞ்சளாகச் சீரம் தெளிகிறது. சில நாளைக்கு ஃபிரிட்ஜ் போதும். பல வருஷம் வைக்க மைனஸ் 80 டிகிரி வேண்டும்.

1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளிகளின் ரத்தம் சேகரித்தார். சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் ரயிலேற்றி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். பெரிய காரியம். ஆனால் அந்தப் பெண்களில் பலர் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள். எதற்கான சோதனை என்று அவர்களுக்குத் தெரியாது.

சீரம் கெடாமலிருக்கக் குளிர் போதும். தந்தவளின் உரிமை கெடாமலிருக்க? மாதிரி தந்தவருக்கே சொந்தம், சேமிப்பகம் வெறும் காப்பாளர் என்கின்றன ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள். தாளில் இருப்பது மலையேற வேண்டும். எங்க இருக்கு, எத்தன வருஷம், வேற எதுக்கு எடுப்பீங்க? ஊசி குத்துமுன் கேட்போம்.