முதுமையில் உடற்பயிற்சி: களைப்பின் அளவறிதல்

பெங்களூரு நகரில் ஈஜிபுராவுக்கு அருகே, சர்ஜாபூர் சாலையில் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையிலான சுமார் 1,30,000 பேரைப் பற்றிய பன்னாட்டு ஆய்வில் இந்நிலையமும் பங்கேற்றது. 2017-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமாக உழைத்தோரிடையே இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 28 சதவீதம் குறைவு. வீட்டு வேலையும் தொழில் சார்ந்த உழைப்பும் இக்கணக்கில் அடங்கும்.

2011 கணக்கெடுப்பின்போதே நம் நாட்டில் 60 வயதை எட்டியோர் 10 கோடிக்கு மேல். இவர்களிடையே எழும் பொதுவான ஐயம்: களைப்புற்ற நாளில் பயிற்சி தகுமா?

களைப்பின் காரணம்

முப்பது வயதுக்குப் பின், உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. வருவாய் குறைந்த குடும்பத்தில் பழைய செலவே நீடிப்பதைப் போல, அதே மாடிப்படி இருக்கும் ஆற்றலில் பெரும்பங்கை விழுங்குகிறது. ஓய்வால் மீள்வதற்கும் கூடுதல் காலம் தேவை. ஆயினும் பயிற்சியை அறவே கைவிட்டால் தசை மெலிந்து களைப்பு மேலும் பெருகும்.

இருவகைக் களைப்பு

நெடுநேரம் அமர்ந்து பணியாற்றியதால் வரும் சோர்வு மெதுவான நடையால் பெரும்பாலும் நீங்கும். உறக்கத்திற்குப் பின்னும் வாரக்கணக்கில் நீடிக்கும் களைப்போ வேறு வகையது. இரத்தசோகை, நீரிழிவு, தைராய்டு குறைபாடு, இதய நோய் ஆகியவை அதன் பின்னணியில் இருக்கலாம். மருத்துவப் பரிசோதனையே முதற்படி. காய்ச்சலின்போது ஓய்வே தக்கது. பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடவேண்டும்.

அளவுமுறை

நடக்கும்போது பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். இதுவே மிதமான வேகத்தின் எளிய அளவுகோல். களைத்த நாளில் நேரத்தைப் பாதியாக்கலாம். அல்லது பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரிக்கலாம். அடுத்த நாளும் அயர்வு நீங்காவிடில் முந்தைய அளவு மிகுதி என்பது பொருள். 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் இரு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாட்களேனும் உடற்சமநிலைப் பயிற்சியும் மேற்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. பிந்தையது கீழே விழுவதைத் தடுக்கத் துணைபுரியும்.

தனிமனிதரின் ஊக்கம் மட்டும் போதாது. ஈஜிபுராவில் 2017-இல் தொடங்கிய மேம்பாலப் பணி பல ஆண்டுகள் நீண்டது. சாலைப்பணி நடைபெறும் இடங்களிலும் முதியோர் நடக்கத் தடையற்ற நடைபாதையும், இடையிடையே அமர இருக்கையும் இருத்தல் இன்றியமையாதது. மருத்துவமனைச் செலவோடு ஒப்பிடுகையில் இதற்காகும் தொகை சிறிது. நகரத் திட்டங்களில் இதற்கு உரிய இடம் அளிக்கப்படவேண்டும்.