கமக்காரருக்கேற்ற இரட்டைத் தோணி: வீட்டில் அமைத்துக் கழற்றி வைக்கும் முறை

தனிநாயகம் அடிகளார் 1913 ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் எனக் கல்வியுலகம் அறிந்த கரம்பொன், வேலணைத்தீவின் வடபாலுள்ள ஒரு கமக்காரச் சிற்றூராகும். தீவுப்பகுதியின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் நெற்செய்கை காலபோக மழை ஒன்றையே நம்பி நிற்பது. புரட்டாசியில் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைத்தவர், தை மாசியில் அரிவு வெட்டி முடித்தபின் அந்த வயலால் மீண்டும் பயன்பெற எட்டு மாதம் காத்திருத்தல் வேண்டும். கிணற்று நீர் உவர்க்காத இடங்களில் வெங்காயமும் மிளகாயும் சிறிது கைகொடுக்கும். ஏனையோருக்கு எஞ்சியிருப்பது, ஊரைச் சுற்றிக் கிடக்கும் ஆழங்குறைந்த பரவைக்கடலே. ஒட்டி, ஓரா, கீளி, நண்டு, இறால் என்பன குடும்பத்தின் கறிக்கும், சிறிது மிகுந்தால் சந்தைக்கும், அங்கிருந்து வருவன.

ஆயின் கடலிற் செல்லத் தோணி வேண்டும். கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வாங்கும் பொருட்டு மனைவியின் தாலிக்கொடியை ஈடு வைத்தவர்கள் தீவுப்பகுதியில் அரியரல்லர். ஆண்டு முழுவதும் கடலையே தொழிலாகக் கொண்டவருக்கு அச்செலவு தகும். ஆறு மாதம் மட்டும் கடலுக்குப் போகும் கமக்காரருக்கு அது பெரும்பாலும் தகாது. 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடையாமற் படகுகள் கரையிற் கிடந்தமையும், அவ்வாண்டு ஓகஸ்டு மாதத்தில் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டமையும் எவரும் மறக்கத்தக்கனவல்ல. இயந்திரத்தை நம்பாது காற்றை நம்பும் தோணி ஒன்றை வீட்டு முற்றத்திலேயே அமைக்க முடியுமாயின், அது கமக்காரரின் கைக்கு அடங்கிய கருவியாகும்.

இவ்வகைத் தோணிக்கு மூலமானது தமிழரின் கட்டுமரமே. மரங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றாற் கட்டுதலின் அப்பெயர் வந்தது. 1697 ஆம் ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையிற் கண்ட கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். இன்று உலகெங்கும் இரட்டைத் தோணிகளுக்கு வழங்கும் ஆங்கிலப் பெயரும் கட்டுமரம் என்பதன் திரிபேயாகும். கட்டுமரக்காரர் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலிற் காயவிடுவர். நீர் ஊறிய மரம் பாரமாகி அமிழும் என்பதும், மரத்தைத் துளைக்கும் கடற்புழு காய்ந்த மரத்தில் வாழாது என்பதும் அவர்கள் அனுபவத்தால் அறிந்தவை. கழற்றி வைக்கத்தக்க தோணியின் முதற் பயன் இதுவே. இடம் மிச்சமாதல் இரண்டாம் பயனாகும்.

பெருமரங்கள் அருகியபின் வேறு வழி தேடப்பட்டது. 1980 களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பியேர் ஜிலே முதலியோர், ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்துப் பசையால் இணைத்து மீனவருக்கு வள்ளங்கள் அமைக்கும் முறையைப் பரப்பினர். பலகையைத் தைத்தல் நம்மவருக்குப் புதிதன்று. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த தோணிகள் இந்துமாக் கடலெங்கும் ஓடின. நீர் புகாத பசை ஒன்றே புதியது. மேனாட்டிலும் 1950 களில் ஜேம்சு வாரம் என்னும் ஆங்கிலேயர் இருபத்துமூன்றரை அடி நீளமான இரட்டைத் தோணியைத் தாமே கட்டி அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்தார். 1970 களில் நியூசிலாந்தினரான இயன் பரியர் என்பவர், பக்கத் தோணிகள் கைபோல மடங்கும் மூன்றுடற் படகை வகுத்தார். அதன் மடக்குப் பூட்டுகள் துல்லியமான உலோக வேலையை வேண்டுவன. உப்புக்காற்றில் இரும்புப் பிணைச்சல் இரண்டு பருவம் தாங்காது. ஆதலால் இங்குக் கூறப்படும் தோணியில் பிணைச்சலே இல்லை. கயிறே பிணைச்சல்.

தோணியின் அளவுகளை இனி நோக்குவோம். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 6 மில்லிமீற்றர்த் தடிப்பும் உள்ள கடற்பாவனை ஒட்டுப்பலகை ஆறு தேவைப்படும். பெயரை நம்பி வாங்குதல் கூடாது. கைம்மாதிரித் துண்டு ஒன்றைச் சில மணி நேரம் கொதிநீரில் வேகவிட்டு உலர்த்துக. படைகள் பிரியுமாயின் அப்பலகை வீட்டுக் கூரையின் உட்புறத்திற்கே உதவும். நான்கு பலகைகளை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் 2 அடி அகலமான எட்டுத் துண்டுகள் கிடைக்கும். இரண்டிரண்டாக நீளத்தில் ஒட்டுதல் வேண்டும். முனைக்கு முனை வைத்து ஒட்டினால் ஒடியும். ஒவ்வொரு முனையையும் தடிப்பின் எட்டு மடங்கு, அஃதாவது ஏறத்தாழ 2 அங்குலம், சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுதல் வேண்டும். இவ்வாறு 15 அடி 10 அங்குல நீளமுள்ள நான்கு பக்கங்கள் கிடைக்கும். ஒரு தோணிக்கு இரண்டு பக்கங்கள்.

பக்கங்களின் அடிவிளிம்பை இரு முனையிலும் மேனோக்கி வளையுமாறு அறுத்து, நான்கங்குலத்திற்கு ஒரு துளை இட்டு, செப்புக் கம்பியால் தைத்துப் புத்தகம்போல விரித்தல் வேண்டும். நடுவில் ஒவ்வொரு பக்கமும் 24 அங்குலமான முக்கோணத் தடுப்பும், அதற்கு முன்னும் பின்னும் நான்கடித் தூரத்தில் மேற்பக்கம் 18 அங்குலமான தடுப்புகளும் அமையும். தடுப்புகள் தோணிக்கு உருவம் தருவதோடு அதனை நீர் புகா அறைகளாகவும் பிரிக்கின்றன. இவ்வேலையை அவசரப்பட்டு முடித்தல் ஆகாது. தைத்த தோணியை முற்றத்திற் கவிழ்த்து, முனையில் நின்று ஒரு கண்ணை மூடி அடிவிளிம்பை நோக்குக. கோணல் இருப்பின் இப்பொழுதே கம்பியைத் தளர்த்தித் திருத்தலாம். பசை இறுகியபின் திருத்தம் இல்லை. கோணிய தோணி வாழ்நாள் முழுதும் ஒரு பக்கம் இழுக்கும்.

எப்பொக்சிப் பசையை மரத்தூளுடன் குழைத்து உள்மூலைகளை நிரப்பி, மேலே கண்ணாடியிழை நாடாவை ஒட்டுதல் வேண்டும். நம் வெயிலில் இப்பசை விரைவாக இறுகுவது. வாளி நிறையக் கலந்தவர், அது கையிலேயே சூடேறிப் புகைந்து கல்லாவதைக் காண்பார். காலையிலோ மாலையிலோ நிழலில், சிரட்டையளவே கலந்து, தட்டையான தட்டிற் பரப்பிப் பயன்படுத்துக. பசை உடம்பில் படுதலும் நன்றன்று. கையுறை அணிதல் வேண்டும். பலகையின் அறுத்த விளிம்புகளுக்கும் உட்புறத்திற்கும் பசை பூசாது விடுதல் பலர் செய்யும் சிக்கனமாகும். ஒட்டுப்பலகை உளுக்கத் தொடங்குவது அவ்விடங்களிலேயே. எஞ்சிய இரண்டு பலகைகள் மேற்றட்டுக்கும் தடுப்புகளுக்கும் போதும். ஒவ்வோர் அறைக்கும் இறுக மூடத்தக்க ஒரு வாய் விடுதல் வேண்டும்.

இரு தோணிகளையும் இணைப்பன 8 அடி நீளமும் 4 அங்குல உயரமும் 2½ அங்குல அகலமுமான மூன்று குறுக்கு மரங்கள். நாரோட்டம் நேரானதும் முடிச்சற்றதுமான மரமே வேண்டும். பனந்தீராந்தி உறுதியானதாயினும் பாரம் மிக்கது. தோணிகளின் நடுக்கோடுகள் ஆறடி இடைவெளியில் நிற்குமாறு, ஒவ்வொரு குறுக்கு மரத்தையும் தோணியின் உட்சட்டத்தோடு நன்கு பொருத்திய மரக்கட்டைகளிற் கயிற்றால் வரிந்து கட்டுக. நைலோன் கயிறு நனைந்தால் நீளும். பொலியெசுத்தர்க் கயிறு அவ்வளவு நீளாது. கட்டு சிறிது நெகிழ்ந்து கொடுத்தல் குற்றமன்று. அலையின் அடியை மரம் வாங்காது கயிறு வாங்குகிறது. மரங்களின்மேல் கமுகஞ்சலாகைத் தட்டி விரித்தால் வலையும் ஆளும் இருக்க இடமாகும். தட்டி இடைவெளியுடையதாக இருத்தல் நன்று. அடைத்த தட்டு அலையைத் தாங்கி உடையும்.

எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை ஒவ்வொருவரும் தாமே கணக்கிட்டறிதல் நலம். தோணி 13 அங்குலம் நீரில் அமிழும்பொழுது நடுவில் அதன் நீர்மட்ட அகலம் 15 அங்குலமாகும். முக்கோணத்தின் பரப்பு 97½ சதுர அங்குலம், அஃதாவது சதுர அடியின் மூன்றில் இரண்டு பங்கு. நீர்மட்ட நீளம் 14 அடி. முனைகள் ஒடுங்குவதால் பெருக்கத்தில் பத்தில் ஆறு பங்கே கொள்ளத்தக்கது. ஒரு தோணி 5.7 கன அடி நீரை விலக்கும். ஒரு கன அடிக் கடல்நீர் 29 கிலோ. ஆகவே ஒரு தோணி 165 கிலோவும், இரண்டும் சேர்ந்து 330 கிலோவும் தாங்கும். இவற்றுள் தோணிகள் 90, மரங்களும் பாயும் தட்டியும் 50, ஆட்கள் இருவர் 130. மிகுவது 60 கிலோ. வலையும் மீனும் அவ்வளவே. 13 அங்குல மட்டத்தில் தோணியின் வெளிப்புறத்தில் சிவப்பு மையாற் கோடிட்டு, கோடு மறையுமளவு ஏற்றாதிருத்தல் வேண்டும். மூன்றாம் ஆளைப் பிள்ளைதானே என்று ஏற்றும் வழக்கம் இத்தோணிக்குப் பொருந்தாது.

பாய் 70 சதுர அடி போதும். 16 அடிப் பாய்மரமும் பருமலும் மூங்கிலால் ஆகலாம். முக்கோண அடி நீரை வெட்டிச் செல்வதால் பக்கவாட்டு இழுப்பைத் தடுக்க வேறு பலகை தேவையில்லை. நீர் குறைந்த இடத்தில் மரக்கோலால் தாங்கிச் செல்லலாம்.

இத்தோணியின் குறையையும் மறைத்தல் கூடாது. ஒற்றைத் தோணி சாயும்பொழுது முன்னரே எச்சரிக்கும். இரட்டைத் தோணி நெடுநேரம் நிமிர்ந்தே நின்று, ஒரு பக்கம் நீரைவிட்டு எழுந்தபின் ஒரேயடியாகக் கவிழும். கவிழ்ந்தால் இருவரால் நிமிர்த்துதல் அரிது. ஆனால் அறைகள் மூடியிருக்குமாயின் அது மூழ்காது. அதனைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர் பிழைப்பர், விட்டு நீந்துபவர் பிழைப்பது ஐயம். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை ஒருபொழுதும் கட்டிவிடுதல் ஆகாது. அது கையிலேயே இருத்தல் வேண்டும். மிதவை அங்கி இல்லாமல் எவரும் ஏறுதல் கூடாது. சோழகம் உரத்து வீசும் வைகாசி முதல் ஆவணி வரை காலையிலேயே சென்று மீளுதல் நன்று. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இத்தோணி வீட்டிலேயே இருக்கட்டும். 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுக்கோடியை அழித்ததை முதியோர் இன்றும் கூறுவர். அப்பருவம் வயலுக்குரியது.

1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, பின்னர் வெறுங்கையோடு மீண்ட குடும்பங்களுக்குத் தச்சுக் கருவி கூட மிஞ்சவில்லை. அத்தகையோர் இருவர் மூவர் கூடி ஒரே முற்றத்தில் அச்சட்டம் ஒன்றை வைத்து அடுத்தடுத்துத் தோணிகள் அமைக்கலாம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொசெஸ்ரர்த் துறையை அடைந்தது. அம்மரபின் தச்சர் அயலில் இருப்பின், பலகை வெட்டுமுன் அவரை ஒருமுறை அழைத்துக் காட்டுதல் தகும். தோணி முடிந்ததும், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்தின் கீழ் அதனைத் திணைக்களத்திற் பதிவு செய்தல் வேண்டும். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை ஏற்றிச் செல்பவர் தோணியையும் இழக்க நேரிடும்.

முதல் வெள்ளோட்டத்தை அமைதியான பங்குனிக் காலையில், இடுப்பளவு நீரில், பாயின்றி நடத்துக. வெறுந்தோணியில் ஒரு மணி நேரம் இருந்தபின் கரையேறி ஒவ்வோர் அறையையும் திறந்து கையால் துடைத்துப் பார்க்க. ஈரம் இருக்கும் இடத்தைக் கரிக்கோலால் குறித்து, உலர்ந்தபின் பசை இடுக. புரட்டாசி மழைக்கு முன் கட்டுகளை அவிழ்த்தால், 45 கிலோ எடையுள்ள ஒவ்வொரு தோணியையும் இருவர் தூக்கி மாட்டுக் கொட்டிலுக்குள் கொண்டுவரலாம். நிலத்திற் படாது இரு மரங்களின்மேற் கவிழ்த்து, கிடுகால் மூடி, அறைகளின் வாய்களைத் திறந்து விடுக. உப்புநீரைவிட, மூடிய அறையிலே தேங்கும் மழைநீரே பலகையை விரைந்து உளுக்கச் செய்யும்.