துவாதசிக் காலையின் அகத்திக்கீரை

வயிறும் வழிபாடும் – 12

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போகிறவர்கள் பரமபத வாசலைப் பார்ப்பார்கள், கூட்டத்தைப் பார்ப்பார்கள், செருப்பைத் தொலைப்பார்கள். அன்று சாயங்காலம் உத்திர வீதி முனையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கீரைக்காரம்மாவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அவர் முன்னால் அன்றைக்கு முருங்கைக்கீரை கிடையாது, அரைக்கீரை கிடையாது. அகத்தி மட்டும்தான். கட்டு சின்னது, விலை இரண்டு மடங்கு. பேரம் பேசினால், "நாளைக்கு வாங்க சாமி, பாதி விலைக்குத் தரேன்" என்பார். நாளைக்கு வாங்கி என்ன செய்வது? துவாதசி விடியும்போது அடுப்பில் இருக்க வேண்டிய கீரை அது.

என் அத்தை வீடு வடக்கு உத்திர வீதியில். பதினெட்டு வயதில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஏகாதசி இருக்கிறாள். இப்போது 78. வருடத்துக்கு 24 என்று வைத்தாலும் 1,400 ஏகாதசிக்கு மேல் ஆகிறது. சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஏகாதசியன்று அத்தை எப்போதும் போலவே இருப்பாள். துணி மடிப்பாள், சஹஸ்ரநாமம் சொல்லுவாள், எங்களோடு பரமபதம் ஆடிப் பாம்பு கடித்துக் கீழே வருவாள். பரபரப்பெல்லாம் மறுநாள் விடியற்காலையில்தான். மூன்றரை மணிக்கே குளித்து, தளிகைக்கு அடுப்பு மூட்டிவிடுவாள்.

அகத்திக்கீரையை உருவுவது ஒரு வேலை. ஈர்க்கின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் இலையை ஒரே இழுப்பில் உருவ வேண்டும். பழுத்ததைத் தள்ளிவிட்டு, பொடிப்பொடியாக நறுக்கி, அரிசி கழுநீரில் மூடாமல் வேகவிடுவாள். கசப்பு கொஞ்சம் அடங்கும். முழுக்கப் போகாது, போகவும் கூடாது என்பது அவள் கட்சி. துளி வெல்லம், மலர வெந்த பாசிப்பருப்பு, கடைசியில் தேங்காய்த் துருவல். பக்கத்தில் தயிரில் கலந்த நெல்லிக்காய்ப் பச்சடி. நெய்யில் பொரித்த சுண்டைக்காய் வற்றல். அன்று புளி உள்ளே வராது, சாற்றமுதுக்கு எலுமிச்சம்பழம்தான். முதலில் துளசித் தீர்த்தம், அப்புறம்தான் இலை. இதற்குப் பாரணை என்று பெயர். விரதத்தை முடிக்கிற சாப்பாடு. சாப்பிட்டாகிவிட்டதே என்று பகலில் சாயவும் முடியாது. துவாதசியன்று பகல் தூக்கம் கூடாது.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது சென்னையில் தனியாக ஒரு ஏகாதசி இருந்தேன். அறை நண்பன் ஒருவனிடம் சவால் விட்டு இருந்தது. தண்ணீர்கூட இல்லாமல். ஏகாதசி பிரமாதமாகப் போனது, சாயங்காலம் லேசாக மிதப்பதுபோல் இருந்தது, பக்தி முற்றிவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தின் எதிரே இருந்த ஓட்டலில் பூரி ஒரு செட், மசால் தோசை ஒன்று, காபி இரண்டு. பத்து மணிக்கு அலுவலகத்தில் மீட்டிங். பத்தே காலுக்கு வியர்த்தது, பத்தரைக்குக் கழிப்பறையில் இருந்தேன், பதினொரு மணிக்கு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். ஓட்டலைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பூரி நன்றாகவே இருந்தது. அன்று ராத்திரி ஃபோனில் அத்தையிடம் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஏகாதசியைக் கெட்டியாப் பிடிச்சுண்டே. துவாதசியை விட்டுட்டியேடா."

அவள் சொன்னதை உடம்புக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது. முழுசாக நிரம்பியிருந்தால்கூட ஏறத்தாழ 100 கிராம். மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் கேட்கும். ஆக, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சாப்பிடாமல் இருந்தால் அந்தக் கையிருப்பு கிட்டத்தட்டக் காலி. உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்குகிறது, இன்சுலின் இறங்கிக் கிடக்கிறது. பசி என்பது ஏறிக்கொண்டே போகிற கோடும் இல்லை, அலை அலையாக வந்து வந்து போகும். வழக்கமான சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டால் தானே அடங்கும். அத்தை பரமபதம் ஆடியது அந்த இடைவெளியில்தான். எனக்கு மிதப்பதுபோல் இருந்ததும் அதில்தான். அதைப் பக்தி என்று எழுதிக்கொண்டது என் தவறு.

அந்த நிலையில் இருக்கிற வயிற்றில் மைதாவும் எண்ணெயும் சர்க்கரை போட்ட காபியும் ஒரே நேரத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விவரமாகவே சொல்லிவிட்டேன். அத்தையின் இலையில் சோறு கொஞ்சம்தான், கீரையும் பருப்பும் தயிரும்தான் அதிகம். சர்க்கரை மெதுவாக ஏறும், வெறும் வயிற்றைப் புளி போய்க் குடையாது. கீரையில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் சி வேண்டும், ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதை வைத்திருக்கிற நெல்லிக்காய் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் இதே இரும்புச் சத்தில் ஒரு பங்கு வீணாகும். அகத்தியில் 100 கிராமுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் என்று அட்டவணைகள் சொல்கின்றன. அதில் எவ்வளவு நம் எலும்புக்குப் போய்ச் சேரும் என்பது வேறு விஷயம். ஒன்று: சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் அகத்தியைத் தொட மாட்டார்கள், மருந்தை முறித்துவிடும் என்பார்கள்.

நம் முன்னோர்கள் இந்த விஞ்ஞானமெல்லாம் தெரிந்துதான் வைத்தார்கள் என்று மார்தட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. என்னைப்போல் பூரி சாப்பிட்டு அவதிப்பட்ட யாரோ ஒரு முன்னோர் இருந்திருப்பார். அடுத்த தடவை வீட்டு அம்மாள் அவருக்குக் கீரை போட்டிருப்பாள். இப்படித்தான் பழக்கங்கள் ஊறுகின்றன.

காபி பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஏகாதசியன்று மத்தியானம் இரண்டு பொட்டும் விண்விண் என்று தெறிக்கிறது, பசித் தலைவலி என்று நாம் நினைக்கிறோம். பாதிப் பேருக்கு அது காபித் தலைவலி என்பது என் ஊகம். தினமும் குடிக்கிறவர் நிறுத்தினால், கடைசி டம்ளரிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி கிளம்பும். காபீன் சுருக்கி வைத்திருந்த மூளை ரத்தக்குழாய்கள் தளர்வதால் வருகிற வலி. கூடவே சிடுசிடுப்பு, கவனம் நிற்காமை. ஜபமாலையை உருட்டிக்கொண்டே வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிற மாமாக்களை எனக்குத் தெரியும். ஏகாதசிக்கு மூன்று நாள் முன்பிருந்தே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வந்தால் பெருமாளுக்கும் வீட்டாருக்கும் நல்லது.

மனநிலை பற்றிப் பேச்சு வந்ததால், குடலில் சுரக்கிற செரட்டோனின்தான் மனசை ஆட்டுவிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டதற்கும் இங்கேயே பதில். உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது என்பது உண்மை. ஆனால் அது மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. வயிற்றுக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. வாட்ஸ்அப் சொல்கிற வழியில் இல்லை.

அந்தத் தொடர்பைக் குரூரமாகக் காட்டிய ஒரு சோதனை 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள். பலர் குவேக்கர், மென்னோனைட், பிரதரன் போன்ற அமைதி வழித் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். கொல்வதற்குப் பதில் பட்டினி கிடந்து உலகத்துக்கு உதவுகிறோம் என்று தாங்களாக முன்வந்தார்கள். இதைவிடத் திடமான மனசு எங்கே கிடைக்கும்?

24 வாரம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மெக்கரோனி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால்வாசி கரைந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மனசுக்கு நேர்ந்தது. சிரிப்பு போயிற்று. புத்தகம் படிப்பதில், படிப்பில், நண்பர்களில் அக்கறை போயிற்று. சமையல் குறிப்புப் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். தட்டை நக்கினார்கள். சூயிங்கம் பொட்டலம் பொட்டலமாக மென்றார்கள். அற்ப விஷயத்துக்கு ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். பெரிய நோக்கத்தோடு வந்தவர்களின் நினைப்பு முழுக்க அடுத்த வேளைச் சோறாகச் சுருங்கியது. சோறு திரும்பக் கிடைத்த பிறகும் உடனே சரியாகவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் நிறுத்தவே தெரியாமல் தின்றார்கள், எவ்வளவு தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். கீஸ் இதையெல்லாம் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்.

பட்டினி கிடந்தால் ஆன்மா பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 36 பேர் ஞாபகம் வருகிறார்கள். வடக்கு உத்திர வீதிப் பசிக்கும் மினசோட்டாப் பசிக்கும் நடுவில் இருப்பது பக்தி வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை. அத்தையின் பசிக்கு முடிகிற நேரம் பஞ்சாங்கத்தில் அச்சாகியிருக்கிறது. முடிக்கிற இலையில் என்ன விழும் என்பதும் முன்பே தெரியும். அந்த நிச்சயம் இருப்பதால்தான் நடுவில் நாமம் சொல்ல மனசு சும்மா இருக்கிறது.

பாரணையின் அருமைக்கு பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ஒரு கதை உண்டு. அம்பரீஷ மகாராஜா ஒரு வருடம் ஏகாதசி விரதம் இருந்து முடிக்கிற துவாதசி. துர்வாசர் வருகிறார். சாப்பிட வாருங்கள் என்றால், யமுனையில் நீராடிவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. துவாதசி முடியப் போகிறது. அதற்குள் பாரணை செய்யாவிட்டால் விரதம் பலிக்காது, விருந்தாளிக்கு முன் சாப்பிட்டால் அபசாரம். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு அம்பரீஷன் தண்ணீர் மட்டும் குடிக்கிறான். சாப்பிட்டதாகவும் ஆயிற்று, சாப்பிடாததாகவும் ஆயிற்று. திரும்பி வந்த துர்வாசர் தெரிந்துகொண்டு கொதிக்கிறார். சடையைப் பிய்த்து ஒரு பூதத்தை ஏவுகிறார். பெருமாளின் சக்கரம் வந்து பூதத்தை எரித்துவிட்டு அவரையே துரத்துகிறது. ஒரு வருடம் கழித்து அவர் ராஜாவின் காலிலேயே வந்து விழும்வரை அந்த ராஜா தண்ணீரோடு காத்திருக்கிறான். விரதம் இருந்தவன் சாந்தமாக இருக்கிறான், குளித்துவிட்டுச் சாப்பிட வந்தவருக்குக் கோபம். அத்தையிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். "துர்வாசருக்குப் பசி முத்திப் போயிருக்கும்டா. ராஜாவுக்குப் பழக்கம்" என்று முடித்துவிட்டாள்.

இன்னொரு பக்கம், ஏகாதசிக்குப் பசியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர்கள். பலாஹாரம் என்றால் பழ உணவு. அது பலகாரமாகி, பலகாரம் டிபனாகி, டிபன் அரிசி உப்புமா, தோசை, கோசுமல்லி என்று ஊர்வலம் போகிறது. இப்போது யூடியூப் உபயத்தில் ஜவ்வரிசிக் கிச்சடி. சேலம் பக்கத்து மரவள்ளிக்கிழங்கின் மாவுதான் ஜவ்வரிசி, மாவுச்சத்து தவிர அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ராத்திரி கண் விழிக்க வேண்டியவர்கள் அதைத் தட்டு நிறையத் தின்றுவிட்டு எட்டரைக்குச் சுவரில் சாய்ந்து குறட்டை விடுவதைப் பஜனை மண்டபங்களில் பார்க்கலாம்.

போன ஐப்பசியில் அத்தைக்கு ஒன்று நடந்தது. ஆறேழு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாள். ஏகாதசியன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டாள். பதினொரு மணிக்குக் கை நடுக்கம், குப்பென்று வியர்வை, பேச்சு குழறல். மருமகள் நாட்டுச்சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினாள். மீட்டரில் 54. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்: "மாமி, இனிமேல் இது வேண்டாம்." எட்டு வயதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் ஏகாதசி கட்டாயமில்லை என்று சாஸ்திரமே சொல்கிறதே என்றேன். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த மார்கழியில் போயிருந்தேன். ஏகாதசிக் காலை எட்டு மணிக்கு ஒரு கரண்டி கோதுமை ரவை உப்புமா, மாத்திரை. மத்தியானம் கொஞ்சம் மோர், ராத்திரி இன்னொரு கரண்டி. என் முன்னால் அதைச் சாப்பிட அத்தைக்குக் கூச்சம். "அம்பரீஷன் தீர்த்தம் குடிச்சானே, அந்த மாதிரி வச்சுக்கோ" என்றாள். மறுநாள் மூன்றரைக்குக் குளிக்க முடியவில்லை, ஐந்தாகிவிட்டது. கீரையை நான் உருவினேன். ஒரே இழுப்பில் வரவில்லை, பாதி இலை ஈர்க்கிலேயே நின்றது. அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தக் காம்புகளை வாசலில் நின்ற பசுவுக்குப் போடச் சொன்னாள்.

"இலையோட போட்டிருக்கான், உனக்கு இன்னிக்கு நல்ல பாரணைதான்" என்று அதனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

(தொடரும்)